மழையில் நனையாத குஞ்சுகள்

தைஹெ
1993 மார்ச் 14

லியன்யிங் அக்கா,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடக் காவல்காரர் எல்லோர் முன்னாலும் ஆட்டிக் காட்டி, "ஹூனான்ல உனக்கு யாரு புள்ள இருக்கா?" என்று கேட்டார். பேனா நண்பி என்று சொன்னேன். தயவுசெய்து இனிமேல் உறையின் பின்னால் உன் பெயரை எழுதாதே. அப்பா கோழிப்பண்ணையிலிருந்து வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருகிறார். ஆனால் ஊர்க்காரர்களின் வாய் வாரம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

இன்று அவர் வந்திருக்கும் நாள். கொசுவலைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். அவர் இருமும்போதெல்லாம் டார்ச்சை அணைத்துவிடுகிறேன். வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் அதுதான் காரணம்.

நீ அம்மாவாகப் போகிறாய் என்று படித்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த பத்தியைப் படித்ததும் அது போய்விட்டது. "அப்பாவுக்குக் கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது, பிரசவத்துக்குத் தாய்வீட்டுக் கறுங்கோழி வரும்" என்று உன் மாமியாரிடம் எதற்காகப் பொய் சொன்னாய்? அவள் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள் என்று வேறு எழுதியிருக்கிறாய். கோபம் கொஞ்சமும் தீரவில்லை அக்கா. தொழிற்சாலையில் பார்த்தவனை யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டாய் என்று உன் பெயர் வந்தாலே சோற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். போன வாரம், "அக்காவோட போர்வைய வெயில்ல போடட்டுமா?" என்று கேட்டேன். "எந்த அக்கா?" என்றார்.

அம்மா இருந்திருந்தால் அவரைக் கேட்காமலே அனுப்பியிருப்பாள். இப்போது அனுப்ப நான்தான் இருக்கிறேன். அதனால் அனுப்பப் போகிறேன்.

கொல்லையில் பன்றிக் கொட்டில் காலியாகக் கிடக்கிறது அல்லவா? அடைக்குப் படுத்து எழுந்திருக்காமல் அழும்பு பண்ணிக்கொண்டிருந்த ஒரு பெட்டையை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டேன். பொரிக்க வைக்கும் முட்டைகளில் அப்பா தூரிகையால் குறி போட்டிருக்கிறார், அதைத் தொட முடியாது. ஆனால் உப்புச் சாடிக்கு மேலே ஒரு கூடையில் கொஞ்சம் முட்டையைத் தனியாக வைத்து, "இத நீயே வேகவெச்சுத் தின்னு, யாருக்கும் குடுக்காத" என்று சொல்லியிருந்தார். அதுவும் நம் கோழி இட்டதுதானே? அதில் பெரிதாகப் பார்த்துப் பொறுக்கி வைத்துவிட்டேன். காணாமல் போன பெட்டையை மரநாய் தூக்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அப்பா கொல்லை முழுக்க இறகு தேடினார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

நீ பிள்ளை பெறும்போது கோழிகள் சூப்புக்குத் தயாராக இருக்கும். திட்டாதே.

தாவோயிங்


சாலிங்
மார்ச் 29

தாவோயிங்,

திட்டாமல் என்ன செய்யட்டும்? நான் உன்னைக் கோழி கேட்டேனா? மனசு தாங்காமல் நாலு வரி புலம்பினேன். ஜூன் மாதம் தேர்வை வைத்துக்கொண்டு நீ பன்றிக் கொட்டிலில் அடை வைத்துக்கொண்டிருக்கிறாய்.

என் மாமியார் கெட்டவள் இல்லை, அதுதான் பெரிய தொல்லை. கெட்டவளாக இருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். இவளோ கூண்டே கட்டிவிட்டாள். நேற்றுக் கிணற்றடியில், "எங்க சம்பந்தி வீட்டுக் கோழிக்கு எறகு பட்டு மாதிரி வெள்ளை, தோலு, காலு, எலும்புகூடக் கறுப்பு. அந்த ஊர்ல பொறந்தவங்களுக்குத்தான் அது கைகூடும்" என்று ஏதோ தானே முட்டையிட்ட மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்காரி, "வரட்டும் பாப்போம், தொரத்திவிட்ட பொண்ணுக்கு யாரு கோழி அனுப்புவா?" என்றாள். எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள். கோழி வராவிட்டால் இந்தத் தெருவில் நான் ஆயுளுக்கும் துரத்திவிட்ட பெண்தான்.

சரி, அதை விடு. நீ வைத்த முட்டை எந்த முட்டை? உப்புச் சாடி மேல் இருந்ததா? நம் அப்பா முட்டையைச் சும்மா தின்னக் கொடுக்கிற ஆளா? எதற்குத் தனியாக வைத்தார் என்று கேட்டாயா? அந்தச் சமயத்தில் லுவோ வீட்டு வெள்ளைச் சேவல், நகரத்துப் பண்ணையிலிருந்து வாங்கி வந்தார்களே, அது நம் மதிலேறிக் குதித்ததா? அந்நியச் சேவல் வந்துபோனால் அரை மாதத்துக்கு அந்த முட்டையை அடைக்கு வைக்கக் கூடாது என்பது நம் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

உடனே பதில் போடு.

லியன்யிங்


தைஹெ
ஏப்ரல் 9

அக்கா,

குதித்தது. லுவோ வீட்டு அத்தையிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன். "ஆமாண்டி, ஒங்கப்பன் வெறகுக் கட்டையத் தூக்கிக்கிட்டு அதத் தொரத்துனான், நான் சிரிச்சுச் சிரிச்சு செத்தேன்" என்றாள்.

நான் எப்படிக் கேட்டிருக்க முடியும் சொல்? ஏன் தனியாக வைத்தீர்கள் என்று நான் கேட்டால், நீ ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்பார். அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார். என் முகம் எப்போதாவது ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறதா?

ஆனால் கேள். குஞ்சு பொரித்துவிட்டது. எல்லாம் வெளுப்பு. எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டேன், காலுக்கு ஐந்து விரல். தாடிகூடத் தெரிகிறது. அந்தச் சேவலுக்கு நாலு விரல்தானே? அப்படியென்றால் இவை நம்முடையவைதான், இல்லையா? கால்தான் கொஞ்சம் சாம்பலாக இருக்கிறது. போகப்போகக் கறுக்கும் என்று நினைக்கிறேன். கறுக்கும் என்று சொல்.

தாவோயிங்


சாலிங்
ஏப்ரல் 20

விரலை நம்பாதே. விரல் தாய் வழியாகவும் வரும். இறக்கையில் முதல் இறகு வரட்டும், அதைப் பார்.

அதுவரை ஒழுங்காகக் கணக்குப் பாடம் படி.

லி.


தைஹெ
ஜூன் 19

அக்கா,

இத்தனை நாள் எழுதாததற்குத் தேர்வு காரணம் இல்லை. இறகுதான் காரணம். வந்ததும் தெரிந்துவிட்டது, எழுதக் கை வரவில்லை. நம் குஞ்சுக்கு இறக்கை பிய்த்த பஞ்சு மாதிரி இருக்க வேண்டும். இவற்றுக்கு வழவழவென்று, சீப்பால் வாரிவிட்ட மாதிரி வந்திருக்கிறது. வேண்டுமென்றே நான் பார்க்காமல் இருந்தேன். தீனி போடும்போதுகூடக் காலைத்தான் பார்ப்பேன்.

பத்து நாளாக மழை விடவில்லை. போன ஞாயிறு அப்பா வந்திருந்தபோது பெரிய மழை பிடித்துக்கொண்டது. அவருடைய குஞ்சுகள் முற்றத்தில் மாட்டிக்கொண்டு, தண்ணீரில் விழுந்த பருத்தி மாதிரி ஒட்டிப்போய் நடுங்கின. "தூக்குடி, தூக்குடி, செத்துரும்!" என்று கத்திக்கொண்டே சட்டைக்குள் அள்ளிப் போட்டு அடுப்படிக்கு ஓடினார். ஒவ்வொன்றையும் தன் முகம் துடைக்கிற துண்டால் துடைத்தார். நானும் துடைத்தேன். துடைத்துக்கொண்டே பின்கதவு வழியாகக் கொட்டிலைப் பார்த்தேன். கூரை ஓட்டை வழியாகக் கொட்டுகிற மழைக்கு நேர்கீழே என் குஞ்சுகள் நின்றுகொண்டிருந்தன. முதுகில் விழுந்த தண்ணீர் உருண்டு ஓடியது. ஒன்று தலையைத் தூக்கி மழையைக் குடித்தது.

அவர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கலப்புக் கோழியை அவர் என்ன செய்வார் என்று உனக்குத் தெரியும். வீட்டுக்குள் சட்டியில் போகும், வாசலைத் தாண்டிப் போகாது. அன்றிலிருந்து அவர் இருக்கிற நாட்களில் கொட்டில் வாசலில் வைக்கோல் கட்டை அடுக்கி வைக்கிறேன். சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று நானே சத்தமாகப் பாடம் படிக்கிறேன். "என்னாடி திடீர்னு இவ்ளோ படிப்பு?" என்கிறார்.

இப்போது என்ன செய்வது? உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

தாவோயிங்


சாலிங்
ஜூலை 6

தாவோயிங்,

உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுதப் பெரிய தாள் வேண்டும். இங்கே தாள் சிறியது, என் வயிறு பெரியது, குனிய முடியவில்லை.

யோசித்துவிட்டேன். அவற்றையே அனுப்பு.

ஆமாம், கலப்பையே அனுப்பு. வெள்ளையாக இருக்கிறது, தாடி இருக்கிறது, ஐந்து விரல் இருக்கிறது. இந்தத் தெருவில் நிஜமான பட்டுக்கோழியை ஒருத்தியும் கண்ணால் பார்த்ததில்லை. என் மாமியார் காதால் கேட்டதோடு சரி. தோல் சாம்பலாக இருந்தால் இருக்கட்டும். அவள் சூப்பில் போடுகிற இஞ்சிக்கு யானையைப் போட்டாலும் மஞ்சளாகத்தான் வெளியே வரும். சாலிங் இஞ்சி உலகத்திலேயே சிறந்தது என்பது அவள் கட்சி. எனக்கு இப்போதே நாக்கு எரிகிறது.

அப்பாவோடு ஆறு வருஷம் கோழி வளர்த்தவள் நான். இதை எழுதும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று நீ கேட்காதே. கோழி வந்ததா, இல்லையா, அவ்வளவுதான் இங்கே கேள்வி. என்ன கோழி என்று யாரும் கேட்கப் போவதில்லை.

பன்றிக்குட்டி வியாபாரி ஹு இலையுதிர் காலத்தில் சாலிங் சந்தைக்கு வருவார் அல்லவா? அவர் வண்டியில் ஏற்றிவிடு. கூடையைச் சாக்கால் மூடு. வாயையும் மூடிக்கொள்.

லியன்யிங்


தைஹெ
அக்டோபர் 17

அக்கா,

எல்லாம் போயிற்று. இந்தக் கடிதம் உன்னிடம் வருவதற்கு முன் அப்பா அங்கே வந்துவிடுவார். உன்னை எச்சரிக்க வேறு வழியில்லை, தந்தி கொடுக்கப் போனால் தபால் நிலையத்தில் அப்பாவின் நண்பர் உட்கார்ந்திருக்கிறார். அதனால் பயனில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

நேற்று விடிந்ததும் கூடையைச் சாக்கால் மூடி ரோட்டோரம் கொண்டுபோனேன். ஹு மாமா வண்டியை நிறுத்தினார். மூச்சு முட்டப் போகிறது என்று சாக்கைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

"ஏ தாவோயிங், இது என்னா?"

"கோழி மாமா."

"கோழின்னு தெரியுது. யாரு வீட்டுக் கோழி?"

"எங்க வீட்டு…"

"ஒங்கப்பன் வீட்லயா? இந்த எறகா? அடியேய், மூடிய எடுத்தா பறந்து பெய்ஜிங் போயிரும் போலருக்கே!" என்று வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இத நான் ஏத்திக்கிட்டுப் போனா ஒங்கப்பன் என் மூஞ்சில முழிக்க மாட்டான். ஒரு வார்த்த கேட்டுர்றேன்" என்று பண்ணைப் பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டார். கெஞ்சினேன். பன்றிக்குட்டிகள் கத்தியதில் கேட்கவில்லையோ, கேட்காத மாதிரி இருந்தாரோ.

அப்பா வரவேண்டிய நாளே இல்லை, வந்துவிட்டார். செருப்புகூட மாற்றாமல் பண்ணை பூட்ஸோடு வந்தார். நான் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. ஒரு கோழியை எடுத்து இறக்கையை விரித்தார்.

"இது யாருக்குப் போகுது?"

"அக்காவுக்கு, பிரசவத்துக்கு."

எந்த அக்கா என்று இந்த முறை கேட்கவில்லை.

"அந்த ஊர்ல நம்ம கோழிய எவனாச்சும் பாத்திருக்கானா?"

"இல்லப்பா."

"அப்ப மொதமொதல்ல பாக்குறது இதுவா? இதுதான் தைஹெ கோழின்னு காலம் பூரா சொல்லித் திரிவானுங்களே! நம்ம கோழிக்குன்னு இருக்கற பத்து அடையாளமும் பாத்துப் பாத்து, ஒண்ணு கொறஞ்சாலும் கழிச்சுக் கழிச்சு வெச்சிருக்கேன். நீ இத சாக்குல மூடி மலை தாண்டி அனுப்புறியா?" பிறகு இன்னும் சத்தமாக, "இது கலப்புன்னு அவளுக்குத் தெரியுமா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை அக்கா. "தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

"தெரிஞ்சும் அனுப்பச் சொன்னாளா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நீ ஓடிப்போன அன்றுகூட அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "அவ எவன்கூட வேணா போகட்டும்" என்றார், "இந்தக் கோழி போகக் கூடாது."

அப்புறம் எழுந்து பெரிய கூண்டைத் திறந்தார். இனப்பெருக்கத்துக்கென்று வைத்திருக்கிற பெட்டைகள், பண்ணை அதிகாரி கேட்டும் கொடுக்காதவை, ஒவ்வொன்றாக எடுத்துக் காது மடலைப் பார்த்து, காலைப் பார்த்து, ஊதி இறகைப் பிரித்துத் தோலைப் பார்த்து, வைக்கோல் போட்ட கூடையில் வைத்தார். கோழியை அல்ல, என்னையும் அல்ல, யாரையோ திட்டிக்கொண்டே இருந்தார். ஹு மாமாவிடம் கொடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"பன்னிக்குட்டி நாத்தத்துல என் கோழியா? எங்க, தள்ளு!"

உன் விலாசத்தை என்னிடம் வாங்கிக்கொண்டு பேருந்துக்குப் போய்விட்டார். எப்போது வருவீர்கள் என்று கேட்டதற்குக் கதவைச் சாத்திக்கொள் என்றார். உன் வீட்டு வாசலில் என்ன சொல்வாரோ, உன் மாமியார் முன்னால் என்ன பேசுவாரோ. தெருவே கூடியிருக்கும். இதைவிட நான் ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம்.

தாவோயிங்


சாலிங்
அக்டோபர் 27

தாவோயிங்,

முதலில், பெண் குழந்தை. அப்பா வருவதற்கு இரண்டு நாள் முன்பு பிறந்தாள். மாமியார் முகம் ஒரு நாள் தொங்கியது, மறுநாள் நிமிர்ந்துவிட்டது. இருவரும் நலம். தலையில் துணி கட்டி, ஜன்னலை அடைத்து, என்னை ஊறுகாய் மாதிரி வைத்திருக்கிறார்கள். அதனால் நடந்ததில் பாதியை நான் சுவர் வழியாகத்தான் கேட்டேன்.

வாசலில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "கோழி கொண்டாந்திருக்கேன்." அவ்வளவுதான் தாவோயிங். மாமியார் கூடையைத் திறந்ததும் போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. துரத்திவிட்ட பெண் என்று சொன்னாளே அந்த அடுத்த வீட்டுக்காரி, அவள்தான் முதல் வரிசை. அப்பா ஒரு பெட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளுக்கே பாடம் நடத்தினாராம். "தொடாதம்மா. கைய கழுவிட்டு வா. இது பட்டு."

ஆனால் என் அறைக்குள் வரவில்லை. நேரே சமையலறைக்குப் போனார். கோழியைத் தானே அறுத்து, தானே சுத்தம் செய்தார், யாரையும் கிட்டே விடவில்லை. பிறகு மாமியார் இஞ்சிக் கூடையை எடுத்திருப்பாள் போலிருக்கிறது.

"அய்யய்யோ, எவ்ளோ போடறீங்க?"

"பிள்ள பெத்த ஒடம்புக்கு இஞ்சிதான் சூடு. எங்க ஊர் இஞ்சி!"

"ஒடம்புக்குச் சூடு சரி, கோழி என்ன பாவம் பண்ணுச்சு? இது சூப்பா, கஷாயமா? எடுங்க சம்பந்திம்மா, அந்தக் கையை எடுங்க!"

சம்பந்திம்மா என்றார். கோபத்தில் வாய் தவறி வந்திருக்கலாம். ஆனால் வந்துவிட்டது. மாமியாரும் விடவில்லை, "சம்பந்தி, அடுப்பு என்னது" என்றாள். அப்புறம் மூன்று நாளும் அந்த அடுப்படியில் சம்பந்தி, சம்பந்தி என்று ஒரே சண்டை. எனக்குச் சிரிப்பு வந்து தையல் வலித்தது, அழுகை வந்தும் வலித்தது.

சூப்பை உன் அத்தான்தான் கொண்டுவந்தார். நான் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தேன். வாசல் துணிக்குக் கீழே பூட்ஸ் இரண்டு நின்றது. ரொம்ப நேரம் நின்றது. "ஆறிடப் போகுது" என்று துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. குடித்தேன். இஞ்சி குறைவாகத்தான் இருந்தது. பூட்ஸ் போய்விட்டது.

குழந்தையை மாமியார் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினாள். "கையெல்லாம் கோழி நாத்தம்" என்று பின்னால் கட்டிக்கொண்டாராம். ஆனால் குழந்தை அழுதபோது, "பிடிக்கற வெதம் தப்பு, தலைய ஏந்துங்க" என்று அதற்கும் சண்டை. நான்காம் நாள் காலையில் சொல்லாமல் கிளம்பிவிட்டார். உன் அத்தான் பேருந்து நிலையம் வரை கூடவே நடந்தார். பேருந்து கிளம்பும்போது அப்பா ஜன்னல் வழியாக, "கோழிக்குத் தவிட்ட நனைச்சுப் போடாத" என்றாராம்.

இப்படி ஒரு மனிதரோடு நீ தனியாக இருக்கிறாய். நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. உன் மேலும்தான். நீ மட்டும் ஒழுங்கான முட்டையை வைத்திருந்தால் அவர் இங்கே வந்தே இருக்க மாட்டார். இதற்கு உன்னைத் திட்டுவதா என்ன செய்வதா என்று எனக்குத் தெரியவில்லை. அடி வாங்கினாயா? உண்மையை எழுது.

லியன்யிங்


தைஹெ
நவம்பர் 7

அக்கா,

அடி இல்லை. இதைப் பகலில், மேசை முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரில் அப்பா நின்றுகொண்டு இருக்கிறார். "அவளுக்கு எழுதுவதானே? எடு பேனாவ" என்றார். சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

இஞ்சி மூன்று துண்டு. அதற்கு மேல் போடுவது அந்த அம்மா இஷ்டம், ஆனால் போட்டுவிட்டுத் தைஹெ சூப் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. உப்பு இறக்கும்போது. கொதிக்கும்போது மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது, அந்த வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கெட்ட பழக்கம் இருக்கிறது. கூண்டு தரையோடு இருக்கிறது, கல் வைத்து உயர்த்த வேண்டும், அந்தப் பயலிடம் சொல்ல வேண்டும். "எந்தப் பயல்னு எழுத?" என்று கேட்டேன். முறைத்தார். நீயே புரிந்துகொள். மழை வந்தால் கோழிகளை உள்ளே தூக்க வேண்டும், உள்ளே என்றால் வராந்தா இல்லை, உள்ளே.

நான் வளர்த்தவற்றில் ஒன்றை அறுத்துச் சமைத்தார். "ருசியே இல்ல" என்று சொல்லிக்கொண்டு இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். மீதியை லுவோ வீட்டுக்கே கொடுத்துவிடலாமா, அவர்கள் சேவலின் பிள்ளைகள்தானே என்று கேட்டேன். அதற்கும் முறைப்புதான்.

குழந்தைக்குப் பெயர் வைத்தாயிற்றா?

அடுப்பில் ஏதோ பொங்கி உள்ளே போயிருக்கிறார், சீக்கிரமாக எழுதுகிறேன். மேலே உள்ள கேள்வி என்னுடையது இல்லை. இரண்டு தடவை அறைக்குள்ளேயே நடந்துவிட்டுக் கேட்டார். "நான் கேட்டேன்னு எழுதாத" என்றார்.

எழுதிவிட்டேன்.

தாவோயிங்